நாலு பேர் என்ன சொல்வார்கள்?

அய்யா துணை



கல்யாணம் சொல்லப் போன வீட்டில் சாயா வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். “எங்க வீட்டுல ஒரு வாய் சாயா குடிக்காம போவியளா?” என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், எப்பேர்ப்பட்ட வைராக்கியக்காரரும் டம்ளரைக் கையில் வாங்கிவிடுவார். வேண்டாம் என்றால் அந்த வீட்டை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். காரணத்தைச் சொன்னாலோ சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். இந்தப் பாடம் அந்த டம்ளரைப் பற்றியதுதான். சின்னக் காரியம் போலத் தோன்றும். ஆனால் ஒரு பணிவிடையாளர் காலில் இரண்டு விரலை இழந்ததற்கு அங்கேதான் தொடக்கம்.

அவர் பேர் இங்கே வேண்டாம். அகஸ்தீஸ்வரம் பக்கத்தில் ஒரு நிழல்தாங்கலில் பல வருடமாகப் பணிவிடை செய்கிறவர். வயது 55. ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்புக்கு முதல் ஆளாக வந்து, தாங்கலைத் தூத்து, விளக்கு துடைத்து, அன்னதர்மத்துக்கு உலை வைப்பதுவரை எல்லாம் அவர் கைதான். நாலு வருடத்துக்கு முன்னால் இரத்தம் பரிசோதித்தபோது சுகர் இருப்பது தெரிந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தவர் மனைவியிடம் மட்டும் சொன்னார். “வெளியே தெரியவேண்டாம். பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம். அப்பனுக்குச் சீனி வியாதி, நாளைக்குப் பிள்ளைக்கும் வரும் என்று நாலு பேர் சொல்லிவிடுவார்கள்.” அந்த அம்மாவும் சம்மதித்தார்கள். மாத்திரை அரிசிப் பானைக்குள் போனது.

வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்து தங்கினால் அன்றைக்கு மாத்திரை கிடையாது. வெளியூர் போனாலும் கிடையாது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தைத் தொடங்கி, சுகருக்கும் பிரஷருக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை கொடுக்க ஆள் அனுப்பியது. அந்தப் பெண் இவர் தெருவுக்கும் வந்தார். இவர் “எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா” என்று அனுப்பிவிட்டார். எதிர்வீட்டுத் திண்ணையில் ஆள் இருந்தார்கள், அதுதான் காரணம்.

மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. தை மாதம் கல்யாணம். சொந்தக்காரர், பழகியவர் என்று 200 வீட்டுக்கு மேல் நேரில் போய்ச் சொல்லவேண்டும். ஒரு நாளைக்கு 20 வீடு. எல்லா வீட்டிலும் குடிக்காவிட்டாலும் 12 வீட்டிலாவது குடித்தே ஆகவேண்டும். ஒரு டம்ளரில் இரண்டு கரண்டி சீனி, சுமார் 10 கிராம். அப்படியானால் ஒரு நாளைக்கு 120 கிராம். முந்திரிக்கொத்தும் மட்டிப்பழமும் இந்தக் கணக்கில் சேரவில்லை. வியாதி இல்லாதவர்களே உணவிலும் பானத்திலும் சேர்க்கிற சீனியை நாளொன்றுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் வைத்துக்கொள்ளவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இவர் சுகர் உள்ளவர். பத்து நாள் இப்படியே போனது.

சில வீட்டில் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். அங்கே இவர் மனசு லேசாக இருந்தது. கருப்பட்டி சுகருக்கு ஒன்றும் செய்யாது என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. இது சரியில்லை. கருப்பட்டியில் வேறு சில சத்துகள் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அதில் பெரும்பகுதி சீனியில் இருக்கிற அதே இனிப்புத்தான், இரத்தத்தில் அதுவும் ஏறத்தான் செய்யும். நம் தாத்தாமார் கருப்பட்டி தின்றார்கள், உண்மை. அவர்கள் விடியுமுன்னே ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று பனை பனையாக ஏறி இறங்கியவர்கள். பேரன்மார் கடையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கருப்பட்டி அப்படியே இருக்கிறது, மரம் ஏறுவதுதான் நின்றுபோனது.

இனி அந்த நாலு பேரைப் பற்றிப் பார்ப்போம். ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்பது நம் வாழ்க்கையில் எவ்வளவு காரியங்களை முடிவு செய்கிறது! கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி பந்தலுக்குப் பின்னால் குப்பி திறக்கிறவர்களில் பாதிப்பேர் ஆசைப்பட்டுக் குடிப்பதில்லை. மச்சான் ஊற்றிக் கொடுக்கிறான், வேண்டாம் என்றால் ‘பெரிய சாமியார் வந்துட்டார்’ என்று சிரிப்பான், அதற்குப் பயந்து குடிக்கிறார்கள். சக்திக்கு மீறிக் கடன் வாங்கிப் பந்தல் போட்டுவிட்டு வட்டியை நினைத்துத் தூக்கம் கெட்டு, நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களும் இதே கணக்கில்தான் வருவார்கள்.

நம் வீட்டுப் பெண்களைப் பாருங்கள். எல்லோரும் சாப்பிட்டு முடிந்தபிறகு சட்டியில் ஒட்டியிருப்பதைத் தின்பதுதான் நல்ல மருமகளுக்கு அடையாளம் என்று யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கும் 49 வயதுக்கும் இடையில் உள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றால் ‘வயசாகுது’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். முப்பத்தைந்தில் என்ன வயசு? கணவருடைய மாத்திரையை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுக்கிற கைதான் தனக்கு ஒரு பரிசோதனை செய்துகொள்ளத் தயங்குகிறது.

இன்னொரு நாலு பேரும் உண்டு. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரலாம், ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். ‘அய்யாவை நம்புகிறவனுக்கு மாத்திரை எதற்கு?’ என்று தாங்கலுக்குள்ளேயே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து மாத்திரையை மறைத்து விழுங்குகிறவர்களும், விழுங்காமலே விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கார்த்திகையில் சுவாமிதோப்பில் 17 நாள் திருஏடு வாசிப்பு நடக்கும்போது விரதமிருக்கிறவர்களில் சுகர் உள்ளவர்கள் கொஞ்சமா? மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டை விட்டுவிட்டால் சுகர் மிகவும் இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழ நேரிடும். விரதம் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டு வேளையையும் அளவையும் மாற்றிக்கொள்வது விரதத்துக்கு எந்தக் குறையும் ஆகாது. பதமும் நாமமும் மனசுக்குத் தரும் தெம்பை எந்தக் கடையிலும் வாங்கமுடியாது. அந்தப் பதத்தை வாயில் வாங்கும்போது மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்?

நம்மவருடைய கதைக்கு வருவோம். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாசி 20 வந்தது. அய்யா வைகுண்ட அவதார தினம். நாகர்கோவில் நாகராஜா கோவில் திடலிலிருந்து கோட்டாறு, சுசீந்திரம் வழியாக சுவாமிதோப்புக்கு ஊர்வலம். ஒவ்வொரு வருடமும் போல அவர் தலைப்பாகை கட்டி, நாமம் இட்டு, வெறுங்காலோடு நடந்தார். மாசி வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை, தார்ரோடு கொதித்தது. கூட நடந்தவர்கள் ஓரத்து மண்ணில் இறங்கி இறங்கி நடந்தார்கள். இவர் மட்டும் நடுரோட்டில் நடந்தார். பார்த்தவர்கள் அவருடைய பக்தியை மெச்சினார்கள்.

உண்மை வேறு. அவருக்குக் கால் சுடவே இல்லை. ஒரு வருடமாகவே பஞ்சு மேல் நடப்பது போல உள்ளங்கால் மரத்துப்போயிருந்தது. சுகர் பல நாள் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் பாதத்து நரம்புகளின் உணர்வு கெட்டுப்போகலாம். வலி என்பது உடம்பு போடுகிற சத்தம். அந்தச் சத்தம் நின்றுபோனால் முள் குத்தினாலும் தெரியாது, கொப்புளம் வெடித்தாலும் தெரியாது. அதனால்தான் இப்படி உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது, தினமும் ராத்திரி ஒரு கைக்கண்ணாடியைக் கீழே பிடித்து உள்ளங்காலைப் பார்க்கவேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

ஆறாம் நாள் படுக்கை விரிப்பில் கறை இருப்பதை மனைவி பார்த்தார்கள். புண்ணில் வாடை வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அழுதார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “அய்யா ஊர்வலத்துல நடந்து காலு புண்ணாச்சுன்னு வெளியே சொல்லச் சொல்லுதியா? அய்யா பேருக்கு அல்லவா கேடு” என்றார். நாமத் திருமண்ணைப் புண்ணில் அப்பினார். நாமம் நெற்றிக்கு உரியது. திறந்த புண்ணில் எந்த மண்ணும் படக்கூடாது என்று சொல்வதில் பக்திக் குறைவு ஒன்றும் இல்லை. காய்ச்சல் வந்து நினைவு தடுமாறியபிறகுதான் மகன் தூக்கிக்கொண்டு போனான். சுண்டு விரலும் அடுத்த விரலும் போயின. பாதத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். இன்னும் பத்து நாள் கழிந்திருந்தால் அதுவும் நடந்திருக்காது.

அய்யா காலத்தில் நம் முன்னோர்களுக்கும் ஒரு நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் கையில் சட்டமும் தடியும் இருந்தன. அன்றைய திருவிதாங்கூரில் நம் பெண்கள் தோளில் சீலை போடக்கூடாது, இடுப்பில் குடம் வைக்கக்கூடாது. ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. பொன் நகை கூடாது, மாடி வீடு கூடாது, பசு கறக்கக்கூடாது. தோள்சீலைக்கு அரசாணை வந்ததே 1859-ல்தான். அய்யா வைகுண்டம் ஏகி எட்டு வருடம் கழித்து. பல தலைமுறை இப்படி வாழ்ந்தால் என்ன ஆகும்? தடுக்க ஆள் நிற்காத இடத்திலும் மனசே தடுத்துக்கொள்ளும். குனிந்து நடப்பதுதான் மரியாதை என்று நடக்கிறவனே நம்பிவிடுவான். கலி என்பது வெளியே வாளோடு நிற்கிற அரக்கன் மட்டும் அல்ல, மாயையாக மனசுக்குள் உட்கார்ந்திருப்பவன் என்று ஏடு வாசிப்பில் கேட்கிறோமே, அது இதுதான்.

அதை அய்யா எப்படி மாற்றினார் என்பதைக் கவனிக்கவேண்டும். ஒவ்வொருவனையும் தனித்தனியே கூப்பிட்டு ‘நீ தைரியமாக இரு’ என்று மட்டும் சொல்லி அனுப்பவில்லை. முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒரே தண்ணீரில் குளிக்கவைத்தார், ஒரே பந்தியில் உண்ணவைத்தார். எல்லோரையும் தலைப்பாகை கட்டச் சொன்னார். ஒருவன் மட்டும் தனியாகத் தலைப்பாகை கட்டியிருந்தால் அடித்துக் கழற்றியிருப்பார்கள், அவனும் மறுநாள் கட்டியிருக்கமாட்டான். நூறு பேர் சேர்ந்து கட்டியபோது அது வழக்கமாயிற்று.

துவையல் தவசும் அப்படித்தான். வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் 700 குடும்பங்கள் கடற்கரையில் கூடியிருந்து, துணி துவைத்து, கடலில் குளித்து, மரக்கறி உணவை அளவோடு உண்டு, புலால் நீக்கி வாழ்ந்தார்கள் என்பதை நாம் அறிவோம். வீட்டில் தனியாக ஒரு பெண் ‘இனி நான் மூன்று வேளை குளிக்கப்போகிறேன், அளவாகச் சாப்பிடப்போகிறேன்’ என்று இறங்கியிருந்தால் எத்தனை நாள் தாக்குப்பிடித்திருப்பாள்? மாமியார் ஒரு பேச்சு, நாத்தனார் ஒரு பேச்சு என்று மூன்றாம் நாளே முடிந்திருக்கும். துவையல் பந்தியில் சுற்றியிருந்த எல்லோரும் அதையே செய்ததால் அங்கே அது விசித்திரமாக இல்லை. பழக்கம் மாறவேண்டும் என்றால் சுற்றி இருக்கிற கூட்டம் மாறவேண்டும் என்பதை அய்யா அன்றே நடத்திக் காட்டியிருக்கிறார். இன்று மருத்துவர் ஒருவருக்குச் சீட்டெழுதி அனுப்புகிறார். அந்தச் சீட்டோடு அவர் பழைய கூட்டத்துக்குள்ளேதான் திரும்பிப் போகவேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நம்மவர் படுத்திருந்தபோது தாங்கல்காரர்கள் பார்க்கப் போனார்கள். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. கடைசியில் 70 வயதுப் பெரியவர் ஒருவர், தாங்கலில் ஏடு வாசிக்கிறவர், மெதுவாகச் சொன்னார்: “எனக்கும் ஏழு வருசமா இருக்கு தம்பி. யாருட்டயும் சொல்லல.” அதைக் கேட்ட இன்னொருவர் தன் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். உள்ளே மாத்திரை அட்டை. அந்த வாரம் பார்க்க வந்த 11 பேரில் ஐந்து பேருக்குச் சுகர் இருந்தது. வருடக்கணக்காக ஒரே பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டவர்கள், ஒருவருக்குப் பயந்து ஒருவர் மறைத்திருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று வந்தது. பத்துக் கோடிப் பேருக்கு இருப்பதை மறைக்க ஒரு மனிதர் அரிசிப் பானையைத் தேடியிருக்கிறார்! அவர் பயந்த அந்த நாலு பேர் வேறு எங்கும் இல்லை, கட்டிலைச் சுற்றித்தான் நின்றார்கள்.

அதன்பிறகு அந்தத் தாங்கலில் சில காரியங்கள் மாறின. ஒரே நாளில் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயாவுக்கு இரண்டு பாத்திரம் வைப்பது, ஒன்றில் சீனி போடுவதில்லை என்று பேசினார்கள். ‘அய்யா வாசலில் சீனி இல்லாத சாயாவா’ என்று ஒருவர் முகம் சுளித்தார். முதல் ஞாயிறு இரண்டாவது பாத்திரத்திலிருந்து ஒருவரும் எடுக்கவில்லை, கொண்டுபோய்த் தென்னைமூட்டில் ஊற்றினார்கள். அடுத்த ஞாயிறு ஏடு வாசிக்கிற பெரியவர் எல்லோரும் பார்க்க நேராகப் போய் அதில் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். அன்று ஆறு பேர் எடுத்தார்கள். இப்போது அந்தப் பாத்திரம்தான் முதலில் காலியாகிறது.

பந்தியில் ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று பாயசத்தை வற்புறுத்தி ஊற்றுவதை நிறுத்திவிட்டார்கள். கேட்டவர்களுக்கு உண்டு, கையை மறைத்தவர்களுக்கு மறுபேச்சு இல்லை. அன்பாகத்தான் வற்புறுத்துகிறோம் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் இலைக்கு மேல் கையை மறைத்தவரிடம் ஏன் என்று கேட்பதே அவரை நாலு பேர் முன்னால் நிறுத்துவதுதான். பெண்களையும் முதல் பந்தியிலேயே உட்காரவைக்கிறார்கள். இதற்குத்தான் அதிகமான முணுமுணுப்பு வந்தது என்பதையும் சொல்லவேண்டும். சமபந்தி என்று சொல்லிக்கொள்கிற நாம் இதை இவ்வளவு காலம் விட்டுவைத்திருந்தோம். மாத்திரை கொடுக்க வருகிற அந்தப் பெண்ணை மாதத்தில் ஒரு ஞாயிறு தாங்கலுக்கே வரச்சொல்லி, உச்சிப்படிப்பு முடிந்ததும் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். முதலில் கை நீட்டுவது தாங்கல் நடத்துகிறவர்கள்.

மகள் வீட்டாருக்கும் விஷயம் தெரிந்துதானே ஆகவேண்டும்? சம்பந்தியம்மாள் பார்க்க வந்து, காலைப் பார்த்துக் கண்ணீர் விட்டு, “இதையா மறச்சீங்க? எங்க வீட்டுல மூணு பேரு ஊசி போடுதாங்களே” என்று சொன்னார்களாம். மகள் இப்போது உண்டாகியிருக்கிறாள். முதல் தடவை மருத்துவரைப் பார்க்கப் போனபோதே ‘எங்கப்பாவுக்குச் சுகர் உண்டு’ என்று சொல்லியிருக்கிறாள். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்புக் கூடுதல்தான், வந்தே தீரும் என்பதில்லை. ஆனால் தெரிந்திருந்தால்தான் கர்ப்பகாலத்தில் சரியான நேரத்தில் பரிசோதித்துத் தாயையும் சேயையும் காக்கமுடியும். அவளுக்கு அரிசிப் பானையில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

போன மாசி 20-ல் அவர் மறுபடியும் ஊர்வலத்துக்குப் போனார். தலைப்பாகை, நாமம், காலில் முன்பக்கம் மூடிய மெத்தென்ற செருப்பு. தயக்கமாகத்தான் இருந்தது. திடலில் கூடியிருந்தபோது காலை வேட்டிக்குள் இழுத்து இழுத்து மறைத்தார். ஏடு வாசிக்கிற பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, “நம்ம தாத்தா காலத்துல செருப்புப் போடாதேன்னு அடுத்தவன் சொன்னான். இப்ப நீயே சொல்லிக்கிடுதியா?” என்று கேட்டாராம். அவரும் அன்று செருப்போடுதான் வந்திருந்தார். இரண்டு பேரும் ஒன்றாக நடந்தார்கள். வழியில் ஓர் இடத்தில் பானகம் கொடுத்தார்கள். கும்பிட்டுவிட்டு, தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். கொடுத்த பையன் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே ஊற்றினான்.

பதி எல்லையில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முத்திரிக்கிணற்றுப் பக்கம் போய் ஒரு கல்லில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொப்புளம் இல்லை. எழுந்து குளிக்கப் போனார்.

அய்யா உண்டு.